கெடு வைத்த உதவியும் அண்ணல் அம்பேத்கரும்

டீக்கடையிலும் பேருந்திலும் கல்லூரி விடுதியிலும் ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. இடஒதுக்கீட்டை அம்பேத்கர் பத்து ஆண்டுகளுக்குத்தான் கொடுத்தார், அதற்குமேல் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், ஓட்டுக்காக அரசியல்வாதிகள் இழுத்துக்கொண்டே போகிறார்கள் என்பது அந்தப் பேச்சு. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் நம் பிள்ளை இதைக் கேட்டால், பதில் தெரியாமல் தலையைக் குனிந்துகொள்கிறது. பத்தாண்டு என்று எங்கோ எழுதியிருப்பது உண்மைதானே என்ற சந்தேகம் பெரியவர்களுக்கும் இருக்கிறது.

பத்தாண்டு என்று எழுதியிருப்பது உண்மை. எதற்கு எழுதியிருக்கிறது, எதற்கு எழுதவில்லை, யாருடைய வற்புறுத்தலால் எழுதப்பட்டது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சட்டப் புத்தகத்தில் தேடுவதற்கு முன் அண்ணலின் வாழ்க்கையில் தேடுவோம். தேதி குறித்துக் கொடுக்கப்படும் உதவி எப்படிப்பட்டது, தேதி வந்ததும் அது நின்றால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர்.

பட்டாளத்து வீட்டுப் பிள்ளை

1891 ஏப்ரல் 14 அன்று இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பீமராவ் பிறந்தார். ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியின் பதினான்காவது பிள்ளை. பூர்வீகம் கொங்கணப் பகுதியில் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். ஊருக்குள் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத மகர் சாதியில் பிறந்த ராம்ஜி, பட்டாளத்தில் சேர்ந்ததால் எழுதப் படிக்கக் கற்றார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் உயர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே மகர் மக்களுக்குத் திறந்திருந்த பெரிய வாசல் பட்டாளம்தான். சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வந்தன.

பீமராவ் கைக்குழந்தையாக இருந்த அந்த 1890களின் தொடக்கத்தில், மகர் சாதியினரைப் பட்டாளத்தில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. அதை எதிர்த்து மனுக் கொடுக்கும் முயற்சிகள் நடந்தன. ராம்ஜியும் அதில் ஈடுபட்டார். பலன் இல்லை. முதல் உலகப்போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றை அதே அரசு அமைத்தது. போர் முடிந்த பிறகு 1921இல் அதையும் கலைத்துவிட்டது. அரசுக்குத் தேவை வந்தபோது கதவு திறந்தது, அரசின் தேவை தீர்ந்ததும் மூடிக்கொண்டது. உள்ளே போன மக்களின் தேவை தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மகர் ரெஜிமெண்ட் என்று நிலையான ஒரு படை 1941இல்தான் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் ராம்ஜியின் மகனும் ஒருவர்.

மூன்றாண்டுப் பணம்

பள்ளியில் தனியே சாக்குத் துணியில் உட்கார வைக்கப்பட்டது, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதெல்லாம் நம் வாசகர்கள் அறிந்த கதை. 1907இல் பம்பாயில் மெட்ரிக் தேறினார். அதற்குமேல் படிக்க வைக்க ராம்ஜியிடம் பணம் இல்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் தந்தார். அந்தப் பணத்தில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடிந்தது.

1913இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு பரோடா அரசு அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படித்துத் திரும்பியதும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். பீமராவ் சாப்பாட்டைச் சுருக்கி, நூலகத்திலேயே நாளைக் கழித்துப் படித்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் வாங்கினார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வையும் எழுதினார். 1916இல் லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரப் படிப்பிலும் கிரேஸ் இன்னில் சட்டப் படிப்பிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் சிறிது நீட்டிக்கப்பட்டிருந்தது. 1917இல் அதுவும் முடிந்தது. திரும்பி வா என்று பரோடாவிலிருந்து உத்தரவு வந்தது.

அந்த நாளில் அவர் கையில் இருந்தது பாதி எழுதிய ஆய்வேடும் பாதி படித்த சட்டமும்தான். லண்டன் பல்கலைக்கழகம் ஒரு சலுகை தந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கெடு அங்கேயும் இருந்தது. ஆனால் அந்தக் கெடு கதவைத் திறந்து வைத்திருந்தது. பரோடாவின் கெடு பணத்தை நிறுத்தியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

பரோடாவில் அவருக்கு உயர்ந்த பதவி கிடைத்தது. தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. அலுவலகத்தில் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் எறிந்தார்கள். மூன்றாண்டு உதவித்தொகை அவருக்கு அறிவைக் கொடுத்தது. ஊரின் மனத்தை அது மாற்றவில்லை. படித்துவிட்டார், இனி உதவி வேண்டாம் என்று கணக்கு முடிப்பவர்கள் பரோடாவின் அந்த விடுதிப் படிக்கட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பம்பாய்க்குத் திரும்பினார். 1918 முதல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் உதவினார். அமெரிக்காவில் கூடப் படித்த நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். லண்டன் கொடுத்த நான்காண்டுக் கெடு முடிவதற்குள், 1920இல், மறுபடியும் கப்பல் ஏறினார். வீட்டில் ரமாபாய் அரைவயிற்றுக் கஞ்சியோடு குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். 1922இல் பாரிஸ்டர், 1923இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம். கொலம்பியாவின் முனைவர் பட்டம் ஆய்வை அச்சிட்டுக் கொடுத்த பிறகு, 1927இல்தான் முறைப்படி கைக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பணம் நின்றது 1917இல். படிப்பின் பலன் முழுதாகக் கிடைத்தது அதற்கு ஆறு முதல் பத்து ஆண்டுகள் கழித்து. இடையில் இருந்த பள்ளத்தைத் தாண்ட அவருக்கு ஒரு மன்னரும் ஒரு நண்பரும் பட்டினி கிடக்கச் சம்மதித்த ஒரு மனைவியும் தேவைப்பட்டார்கள். இவர்கள் யாரும் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர் 1917இலேயே நின்றிருப்பார்கள்!

நிறுத்துவதற்கும் முறை உண்டு

1927 தொடக்கத்தில் பம்பாய் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். அந்த ஆண்டுதான் மகத் நகரில் சௌதார் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளினார். அடுத்த ஆண்டு, 1928 மார்ச்சில், மகர் வத்தன் முறையைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் வாழ்க்கை வரலாறுகளில் அதிகம் பேசப்படாத செயல் இது.

வத்தன் என்பது பரம்பரை ஊர்ச்சேவகத்துக்குக் கொடுக்கப்பட்ட நிலம். மகர் குடும்பங்கள் அரசாங்கத் தபாலைச் சுமக்க வேண்டும், வரிப்பணத்துக்குக் காவல் போக வேண்டும், அதிகாரி வந்தால் எடுபிடி வேலை செய்ய வேண்டும். இரவு பகல் கணக்கில்லை. குடும்பத்தில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவரைப் பிடித்துப் போவார்கள். இதற்குக் கூலியாகத் துண்டு நிலமும், அறுவடையில் விவசாயிகள் கொடுக்கும் தானியப் பங்கும் உண்டு. அந்தப் பங்குக்கு அங்கே பலுதா என்று பெயர். நம் பக்கத்தில் தோட்டிக்கும் வெட்டியானுக்கும் களத்துமேட்டில் அளந்து போட்டதை நினைத்துக்கொண்டால் இது புரியும். நிலம் தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து கையகலமாகிவிட்டது. தானியம் கொடுப்பவர் மனம்போலக் குறைந்தது. சேவகம் மட்டும் குறையவில்லை.

இந்த முறை ஒழிய வேண்டும் என்பதில் அண்ணலுக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நாளில் வெட்டிவிட்டால் அந்தத் துண்டு நிலத்தையும் தானியத்தையும் நம்பியிருக்கும் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் மசோதாவில் மாற்று வழியையும் சேர்த்தே எழுதினார். நிலவரியை முழுதாகக் கட்டச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு நிலம் சேவகக் கட்டு இல்லாமல் சொந்தமாக வேண்டும். தானியப் பங்கைப் பணமாக மாற்ற வேண்டும். ஊர் வேலைக்கு ஆள் தேவை என்றால் அரசு கூலி கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். பழைய வரும்படியை நிறுத்தும்போது புதிய வாழ்வுக்குக் காலூன்ற இடம் கொடுத்துவிட்டு நிறுத்து என்பதே இந்த மசோதாவின் சாரம்.

அரசும் நிலவுடைமை உறுப்பினர்களும் ஒத்துழைக்கவில்லை. 1929இல் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1937இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவராகச் சட்டமன்றத்துக்கு வென்று வந்ததும் மறுபடி கையில் எடுத்தார். அப்போதும் நிறைவேறவில்லை. பம்பாய் மாநிலத்தில் வத்தன் ஒழிப்புச் சட்டம் 1958இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பூனாவில் நடந்த பேரம்

1930இல் லண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் போனார்கள். ஒருவர் அண்ணல், மற்றவர் நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசன். இவர்களின் வாதத்தின் பலனாக 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த தீர்ப்பில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி கிடைத்தது. அதிலும் ஒரு கெடு இருந்தது. அந்தத் தனித்தொகுதிகள் 20 ஆண்டுகளில் முடிவுக்கு வரும்.

காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். அதன்பின் நடந்த பேச்சுவார்த்தையில் இடங்களின் எண்ணிக்கையைவிடக் கடினமான சிக்கலாக நின்றது காலக்கெடுதான். பத்தாண்டுகள் கழித்து ஒடுக்கப்பட்ட மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் முடிக்கலாம் என்றார் அண்ணல். காந்தியடிகளோ ஐந்து ஆண்டுகளிலேயே அந்த வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள். அதில் சென்னை மாகாணத்துக்கு 30.

அந்த ஒப்பந்தத்தின் பிரிவுகளை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். வேட்பாளர்களை ஒடுக்கப்பட்ட மக்களே முதலில் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் முறைக்கு மட்டும் பத்தாண்டுக் கெடு. ஒதுக்கப்பட்ட இடங்களுக்குத் தேதி இல்லை. இரு தரப்பும் சம்மதித்து மாற்றும்வரை தொடரும். கடைசிப் பிரிவில், ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான பணத்திலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களின் படிப்புக்குப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கல்விப் பணத்துக்கும் கெடு எதுவும் இல்லை. ஓட்டு முறைக்குத் தேதி வைத்த இடத்தில்கூட, பிள்ளைகளின் படிப்புக்குத் தேதி வைக்கப்படவில்லை.

டெல்லியில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பதவி ஏற்றார். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில், பட்டியல் சாதி மக்களின் குறைகளை எல்லாம் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனுவைக் கொடுத்தார். மத்திய அரசு வேலையில் பங்கு, மேற்படிப்புக்குப் பணம் ஆகியவை அதன் முக்கியக் கோரிக்கைகள்.

1943 ஆகஸ்டில் மத்திய அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கி உத்தரவு வந்தது. வயது வரம்பு தளர்ந்தது, தேர்வுக் கட்டணம் குறைந்தது. 1946இல் அந்த அளவு 12.5 விழுக்காடாக உயர்ந்தது. மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டுக்கும் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான், இன்று பதினொன்றாம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்புவரை நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு வேர்.

பணம் தருபவர் மனம் மாறினால் படிப்பு நின்றுவிடும் என்பதை 1917லேயே அறிந்தவர் அண்ணல். அதனால் அரசை மட்டும் நம்பாமல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. 1950இல் அவுரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரி, பிற்காலத்தில் மராத்வாடா தலித் மாணவர்களின் தாய்வீடாக ஆனது.

அரசமைப்பில் இருக்கும் கெடுக்கள்

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். 1947 ஆகஸ்டில் அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். அரசமைப்பின் பதினாறாம் பகுதியில் சில வகுப்பினருக்கான சிறப்பு ஏற்பாடுகள் அடுத்தடுத்து வருகின்றன. கெடு எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை அங்கே பார்க்கலாம்.

பிரிவு 334: நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட தொகுதிகளுக்குப் பத்தாண்டுக் கெடு. டீக்கடைப் பேச்சில் வரும் பத்தாண்டு இதுதான்.

பிரிவு 335: மத்திய, மாநில அரசு வேலைகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உரிமையைக் கருத்தில் கொள்ள வேண்டும். கெடு இல்லை. வேலை ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 16(4) பிரிவுக்கும் கெடு இல்லை. கல்வி ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு 1951இல் சேர்ந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, தமிழ்நாடு கொந்தளித்தது, முதல் திருத்தம் வந்தது. அப்போது சட்ட அமைச்சர் அண்ணல்தான். அதிலும் கெடு எழுதப்படவில்லை.

பிரிவு 336, 337: இவை ஆங்கிலோ இந்தியருக்கானவை. ரயில்வே, சுங்கம், தபால் தந்தித் துறைகளில் அவர்களுக்கு இருந்த வேலை ஒதுக்கீடு முதல் இரண்டு ஆண்டுகள் அப்படியே தொடரும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறையும், பத்தாண்டில் முடியும். அவர்களின் பள்ளிகளுக்கு வந்த மானியம் முதல் மூன்று ஆண்டுகள் அப்படியே. பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறையலாம். அதுவும் பத்தாண்டில் முடியும்.

ஆக, வேலைக்கும் கல்விப் பணத்துக்கும் தேதி போட்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது எப்படி என்பது அரசமைப்பை எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும். நிறுத்த நினைத்த இடத்தில் விழுக்காட்டோடு எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதியினரின் வேலைக்கும் படிப்புக்கும் அப்படி எழுதவில்லை. எழுத மறந்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. 335க்கு அடுத்த பிரிவுதான் 336.

இன்னொன்றையும் பார்க்கலாம். 337இல் சொன்னபடி மானியத்தைக் குறைத்துக்கொண்டே போனாலும் பத்தாம் ஆண்டில் நூற்றுக்கு 70க்கு மேல் மிச்சம் இருக்கும். அடுத்த நாள் ஒன்றுமில்லை. படிகள் வைத்து இறக்கினாலும் கடைசிப் படி கிணற்றளவு ஆழம். கெடு வைத்த உதவிகள் பலவற்றில் இந்தக் கடைசிப் படிதான் ஆளை வீழ்த்துகிறது.

சரி, தொகுதி ஒதுக்கீட்டுக்குப் பத்தாண்டு போதும் என்று அண்ணல் நினைத்தாரா? 1949 ஆகஸ்டில் அரசமைப்பு அவையில் இதற்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். தன் சொந்த விருப்பம் இதைவிட நீண்ட காலம் என்றார். மற்றச் சிறுபான்மையினர் பல பத்தாண்டுகள் சலுகை அனுபவித்திருக்க, பட்டியல் சாதியினருக்குப் பிரதிநிதித்துவம் நடைமுறைக்கு வந்தது 1937இல்தான் என்றும், 1939இல் அமைச்சரவைகள் விலகியதால் இரண்டு ஆண்டுகளே பயன் கிடைத்தது என்றும் எடுத்துக்காட்டினார். ஆனாலும் பேசிய உறுப்பினர்கள் பத்தாண்டில் முடிய வேண்டும் என்பதில் குறியாக இருந்ததால், அந்த உடன்பாட்டை ஏற்றார். பத்தாண்டில் நிலைமை மாறவில்லை என்றால் வேறு வழி தேடும் திறமை நம் மக்களுக்கு உண்டு என்ற பொருளில் பேசி முடித்தார்.

நிலைமை மாறவில்லை. 1959 தொடங்கி 2019 வரை ஏழு திருத்தங்கள் அந்தக் கெடுவை நீட்டின. இப்போதைய கெடு 2030 ஜனவரி 25.

மதம் மாறியதும் நின்ற உதவி

அண்ணலின் வாழ்வில் கடைசிக் கட்டம் நாகபுரி. 1956 அக்டோபர் 14 அன்று லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். இந்த இரண்டு மாதங்களுக்குள் அவர் எடுத்த முடிவிலும் உதவியின் கணக்கு ஒளிந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரும் சேர்க்கப்பட்டார்கள். பௌத்தராக மாறியவருக்கு மத்திய அரசின் சலுகை இல்லை. சட்டம் படித்த அவருக்கு இது தெரியாமல் இல்லை. சலுகைக்காக மானத்தை அடகு வைக்கக் கூடாது, இழந்த உரிமையைப் போராடிப் பெறலாம் என்று அவர் முடிவு செய்தார்.

மதம் மாறிய மக்களுக்குக் கெடுகூடக் கொடுக்கப்படவில்லை. படிப்படியாகக் குறைப்பதும் இல்லை. மாறிய நாளே சலுகை முடிந்தது. மகாராஷ்டிர அரசு தன் அளவில் சலுகைகளைக் கொடுத்தது. மத்திய அரசு பௌத்தர்களைச் சேர்த்தது 1990இல், அண்ணலின் நூற்றாண்டையொட்டி. 34 ஆண்டுகள்! இடையில் ஒரு தலைமுறை படித்து முடித்துவிட்டது, அல்லது படிக்காமலே முடித்துவிட்டது. நம் ஊர்களில் ஒரே தெருவில், ஒரே சாதியில், கோவிலுக்குப் போகும் அண்ணன் பட்டியல் சாதி, தேவாலயத்துக்குப் போகும் தம்பி பிற்படுத்தப்பட்டவர் என்ற நிலை இன்றும் இருக்கிறது. தெருவைத் தாண்டிப் போனால் இருவரையும் ஊர் ஒன்றாகத்தான் நடத்துகிறது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

அண்ணலின் வாழ்வை இந்த வரிசையில் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. உதவி நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டவர் இல்லை. வத்தன் நிலத்தையும் தானியத்தையும் நிறுத்தச் சொன்னவரே அவர்தான். ஆனால், எப்போது நிறுத்துவது என்பதை நாட்காட்டி முடிவு செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். வாங்குபவரின் நிலைமை மாறியிருக்க வேண்டும். அது மாறியதா என்று அவரிடமே கேட்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் நிற்க ஓர் இடம் கொடுக்க வேண்டும். பூனாவில் அவர் கேட்ட வாக்கெடுப்பும், வத்தன் மசோதாவில் எழுதிய மாற்று வழியும் சொல்வது இதைத்தான்.

இது பழங்கதை இல்லை. 1944இல் அவர் காலத்தில் முளைத்த அதே உதவித்தொகையில் மத்திய அரசு நீண்ட காலம் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் எவ்வளவு செலவோ, அவ்வளவும் அதன்பின் மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு மேல் கூடுவதை மட்டும் மத்திய அரசு கொடுக்கும். ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் சுமை மாநிலத்தின் தலைக்கு இறங்கும். 2017க்குப் பிறகு இந்தச் சுமை கடுமையானது. மத்திய அரசின் பங்கு சுருங்கியது. தலித் அமைப்புகளும் மாநிலங்களும் குரல் கொடுத்த பின், 2020 டிசம்பரில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று முடிவானது. அதுவும் ஐந்தாண்டுக் கணக்கோடுதான் அறிவிக்கப்பட்டது. உதவித்தொகை வராததால் கல்லூரியில் கட்டணம் கேட்டு நெருக்க, படிப்பைப் பாதியில் விட்டுக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகளை நம் ஊர்களில் நாம் பார்த்திருக்கிறோம். லண்டனில் 1917இல் நின்ற அந்த மாணவரின் நிலைதான் அவர்களுடையதும். கடன் கொடுக்க ஒரு நவல் பதேனா எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

2030 நெருங்க நெருங்கப் பத்தாண்டுப் பேச்சு மறுபடி சூடு பிடிக்கும். தொகுதி ஒதுக்கீடு பற்றிய விவாதத்தைக் கல்வி, வேலை ஒதுக்கீட்டின் மேல் ஏற்றிப் பேசுவார்கள். அண்ணலின் பெயரையே சாட்சிக்கு இழுப்பார்கள். மாணவர்கள் நான்கு எண்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 334க்குக் கெடு உண்டு. 335, 16(4), 15(4) ஆகியவற்றுக்குக் கெடு இல்லை. அடுத்த முறை யாராவது பத்தாண்டு என்று தொடங்கினால், எந்தப் பிரிவில் என்று அமைதியாகக் கேட்போம். பிறகு, கெடு வைப்பதற்கு முன் எங்கள் நிலைமை மாறிவிட்டதா என்று எங்களிடம் கேட்டீர்களா என்றும் கேட்போம். 1932இல் அண்ணல் கேட்ட கேள்வி அதுதான்.